பொறுப்பு யாரிடம்? இணையக் கட்டமைப்பின் பழைய கருத்துகள் இன்றும் ஏன் தேவைப்படுகின்றன

1986ஆம் ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவில் இணையம் திடீரென்று நடைதளர்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே உள்ள தூரம் வெறும் 400 கஜம். அந்தப் பாதையில் நொடிக்கு 32,000 பிட் வேகத்தில் போய்க்கொண்டிருந்த தரவு, நொடிக்கு 40 பிட்டாகச் சுருங்கியது. கம்பி அறுபடவில்லை, கருவி எதுவும் பழுதாகவில்லை. அனுப்பிய பாக்கெட் என்ற தரவுத் துண்டு சேரவில்லை என்று எண்ணிய கணினிகள் அதையே திரும்பத் திரும்ப அனுப்பின. அவையே பாதையை அடைத்தன. அடைப்பு கூடக் கூட இன்னும் அதிகமான பாக்கெட்டுகள் தொலைந்தன. இப்படி நேரும் என்று ஜான் நேகிள் என்ற பொறியாளர் 1984 ஜனவரியிலேயே எச்சரித்திருந்தார். அதற்கு 'நெரிசல் சரிவு' என்ற பெயரையும் தம் குறிப்பில் பயன்படுத்தியிருந்தார்.

தீர்வைக் கண்டவர்கள் வேன் ஜேக்கப்ஸனும் மைக்கேல் கேரல்ஸும். பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொள்ள வேண்டும். உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு மெல்லக் கூட்டிப் பார்க்க வேண்டும். 1988இல் கட்டுரையாக வெளிவந்த இந்த முறை முழுக்க முழுக்க முனைக் கணினிகளின் மென்பொருளில் செய்த மாற்றம். பெர்க்லியின் யூனிக்ஸ் வழியாக அது பரவியது. நடுவழி ரூட்டர்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவற்றின் உரிமையாளர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவும் இல்லை.

ஒரு பெரும் வலையமைப்பின் உயிர்நாடியான கோளாறை ஓரங்களில் மட்டும் கைவைத்துச் சரிசெய்ய முடிந்தது தற்செயல் அல்ல. எந்தப் பொறுப்பு வலையின் நடுவில் இருக்க வேண்டும், எது முனையில் இருக்க வேண்டும் என்று அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சிலர் கடுமையாக வாதாடியிருந்தார்கள்; எட்டிய முடிவுகளுக்கு அப்போதும் பின்னரும் பெயர்கள் வைத்தார்கள். டேட்டாகிராம், அடுக்கு, முனைக்கு முனை வாதம், விதிப் பகிர்வு, தன்னாட்சி அமைப்பு ஆகியவை அப்படிப் பிறந்தவை. இன்றைய பாடநூல்களில் இவை இரண்டு மதிப்பெண் வினாக்களாகச் சுருங்கிவிட்டன. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும், ஒரு பொறுப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு எழுதப்பட்ட விடை. அந்தக் கேள்வி பழையதாவதில்லை. அதை மறந்தவர்களுக்கு இன்றைய இணையத்தின் கோளாறுகளும் விளங்குவதில்லை, அதன் வெற்றிகளும் விளங்குவதில்லை.

குறைவாக வாக்களித்த வலை

1969இல் தொடங்கிய அர்பாநெட்டில் நடுவலைதான் பெரிய பொறுப்பைச் சுமந்தது. பிபிஎன் நிறுவனம் செய்த 'ஐம்ப்' என்ற சிறு கணினிகள், செய்திகளை வரிசை மாறாமலும் பிழை இல்லாமலும் கொண்டுசேர்க்கும் வேலையை ஏற்றன. முனைக் கணினிகள் அவற்றை நம்பி இருந்தன.

பிரான்சில் லூயி பூஸான் இதைத் தலைகீழாக்கினார். 1970களின் தொடக்கத்தில் அவர் தலைமையில் உருவான சைக்லாட்ஸ் வலையமைப்பில் ஒவ்வொரு பாக்கெட்டும் சேர வேண்டிய முகவரியைத் தானே சுமந்து, முன்னும் பின்னும் செல்லும் பாக்கெட்டுகளோடு தொடர்பின்றித் தனித்துப் பயணித்தது. அதுதான் டேட்டாகிராம். வலை இயன்றவரை முயலும். சேர்த்துவிடுவேன் என்று உறுதி கூறாது. தொலைந்ததைக் கண்டறிவது, வரிசைப்படுத்துவது, மறுபடி கேட்பது எல்லாம் முனைக் கணினிகளின் வேலை.

தொலைபேசித் துறைகளுக்கு இது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகத் தோன்றியது. முன்கூட்டியே பாதை வகுத்து, அழைப்பு முடியும்வரை அதைக் காத்துத் தரும் 'மெய்நிகர்ச் சுற்று' முறையே அவற்றின் விருப்பம். 1976இல் அந்த முறை எக்ஸ்.25 என்ற பெயரில் பன்னாட்டுத் தரமாயிற்று. பிரான்சின் டிரான்ஸ்பாக் வலையமைப்பு அதன்மேல் எழுந்தது. சைக்லாட்ஸ் அரசு நிதியை இழந்து 1981இல் முடிவுக்கு வந்தது.

ஆனால் அதன் கருத்து அதற்கு முன்பே அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டது. விண்ட் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரை, ஒன்றுக்கொன்று ஒவ்வாத வலையமைப்புகளை இணைப்பது எப்படி என்று கேட்டது. கான் கையில் வானொலி வலையும் செயற்கைக்கோள் வலையும் அர்பாநெட்டும் இருந்தன. வேகம், தாமதம், பாக்கெட்டின் அளவு, பிழை வீதம் என்று எதிலும் அவை ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றாலும் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பாக்கெட்டை வாங்கி, இயன்றவரை அடுத்த இடத்துக்குத் தள்ளுவது. அதை மட்டும் கேட்டால் எந்த வலையும் சேரலாம். 1977 நவம்பர் 22 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தின் நெடுஞ்சாலையில் ஓடிய ஒரு வேனிலிருந்து புறப்பட்ட பாக்கெட்டுகள் வானொலி, செயற்கைக்கோள், அர்பாநெட் ஆகிய மூன்று வலைகளையும் கடந்து, ஐரோப்பாவைத் தொட்டு, தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

பிறகு வந்த ஈதர்நெட், ஒளியிழை, வைஃபை, 4ஜி, 5ஜி, தாழ்சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள் எதற்கும் ஐபி என்ற இணைய நெறிமுறையின் அடிப்படை வாக்கை மாற்ற வேண்டியிருக்கவில்லை. நிறைய வாக்களித்த எக்ஸ்.25 ஓய்ந்தது; அதன்மேல் ஓடிய புகழ்பெற்ற மினிடெல் சேவை 2012 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. கீழ்த்தளம் எவ்வளவு குறைவாகக் கேட்கிறதோ அவ்வளவு நாள் நிலைக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தகவல் தொடர்பு வரலாற்றில் இல்லை.

அடுக்கு என்ற வேலி

செர்ஃபும் கானும் 1974இல் வரைந்த டிசிபி என்ற நெறிமுறை இரண்டு வேலைகளை ஒன்றாகவே செய்தது. வலை விட்டு வலை பாக்கெட்டை நகர்த்துவதும் அதன் பொறுப்பு. தொலைந்ததை மீட்டு வரிசைப்படுத்துவதும் அதன் பொறுப்பு. அவ்வாண்டு டிசம்பரில் செர்ஃப், மும்பை ஐஐடியில் படித்த யோகன் தலால், கார்ல் சன்ஷைன் ஆகிய மூவரும் எழுதிய ஆர்எஃப்சி 675 இந்த ஒற்றை வடிவத்தின் விரிவான வரையறை. (1969 ஏப்ரலில் தொடங்கி இன்றுவரை எண்ணிட்டு வெளியாகும் இணையத்தின் பொது ஆவண வரிசைக்குத்தான் ஆர்எஃப்சி என்று பெயர்.)

சிக்கல் குரலிலிருந்து வந்தது. அர்பாநெட் வழியாகப் பேச்சை அனுப்பும் சோதனைகளைச் செய்துவந்தார் டேனி கோஹன். பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் காது பொறுத்துக்கொள்ளும். அதை மீட்பதற்காக மற்றவை காத்திருந்தால் பேச்சே நின்றுவிடும். கோப்புக்கு நன்மை செய்யும் உறுதி பேச்சுக்குத் தீமை. 1977 ஆகஸ்டில் ஜான் போஸ்டெல் எழுதிய குறிப்பு, இரு வேலைகளையும் ஒரே நெறிமுறையில் கலந்தது அடுக்குக் கொள்கையை மீறுவதாகும் என்று கண்டித்து, பிரிக்கச் சொன்னது. 1978இல் டிசிபி ஒருபுறமும் ஐபி மறுபுறமும் பிரிந்தன. உறுதி வேண்டாதவர்களுக்காக 1980 ஆகஸ்டில் யூடிபி வந்தது. அதன் வரையறை மொத்தம் மூன்று பக்கம். 1981 செப்டம்பரில் ஐபியும் டிசிபியும் இன்று நாம் அறிந்த வடிவில் வெளியாகின. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் அவற்றுக்கு மாறியது.

இந்தப் பிரிவினையின் பயன் நாற்பது ஆண்டு கழித்தும் வேலை செய்வதைப் பார்க்கலாம். 2021 மே மாதம் தரமாக்கப்பட்ட குவிக் நெறிமுறை, டிசிபியின் வேலைகளைப் புதிதாகச் செய்கிறது. கைப்பேசியில் நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பங்கு அதன்வழியே வருகிறது. அது ஐபியின் மேல் நேராக உட்காராமல் யூடிபியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. காரணம், நடுவழியில் முளைத்த தீச்சுவர்களும் முகவரி மாற்றிகளும் டிசிபியையும் யூடிபியையும் தவிர வேறொன்றை அறியா. 2000இல் வந்த எஸ்சிடிபி என்ற நல்ல நெறிமுறை பொது இணையத்தில் பரவாமல் போனதற்கு இது முக்கியக் காரணம். அந்தப் பாடத்தைக் கற்ற குவிக், தன் கட்டுப்பாட்டுத் தகவல்கள் ஏறத்தாழ அனைத்தையும் மறையாக்கம் செய்துவிடுகிறது. நடுவழிக் கருவி அவற்றைப் படிக்கவும் முடியாது, படித்ததை நம்பி முடிவெடுக்கவும் முடியாது. மேலடுக்கின் விவகாரத்தில் கீழடுக்குத் தலையிடக் கூடாது என்ற ஒப்பந்தத்தை ஒழுக்கத்தால் காக்க இயலாமல் போனபோது, கணிதத்தால் காக்க வேண்டியதாயிற்று. அடுக்கு என்ற கருத்தைப் பழைய படம் என்று ஒதுக்கியவர்களால் குவிக்கின் வடிவத்தை விளக்கவே முடியாது.

நடுவில் பிழை இல்லை என்றால் போதுமா?

1981இல் ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் முன்வைத்து, 1984இல் விரிவாக வெளியிட்ட கட்டுரைதான் முனைக்கு முனை வாதத்துக்கு மூலம். அதன் கருவை இப்படிச் சொல்லலாம்: ஒரு பணியைச் சரியாகச் செய்து முடிக்கத் தேவையான அறிவு முனையிலுள்ள பயன்பாட்டுக்குத்தான் உண்டு என்றால், நடுவலை அதை முழுமையாகச் செய்து தர முடியாது. நடுவில் செய்யும் பாதி உதவி வேகத்தைக் கூட்டலாம். சரிபார்க்கும் கடமையிலிருந்து முனையை விடுவிக்காது.

எம்ஐடியில் நடந்த ஒரு நிகழ்வை அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். அங்கே ஒவ்வோர் இணைப்பிலும் பாக்கெட்டின் பிழை சரிபார்க்கப்பட்டது. அது போதும் என்று நிரலாளர்கள் நம்பினார்கள். ஆனால் ஒரு கேட்வே கணினி, பாக்கெட்டை உள்வாங்கி வெளியனுப்பும் இடைவெளியில், ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றிவிட்டது. இணைப்புகள் எல்லாம் சரி என்றே சொல்லின; பிழை நிகழ்ந்தது இணைப்புகளுக்கு நடுவே, கணினியின் நினைவகத்துக்குள். ஓர் இயங்குதளத்தின் மூல நிரல்கள் அந்த வழியே பலமுறை போய்வந்து சிதைந்தன. உரியவர்கள் பழைய அச்சுப் பிரதிகளை வைத்துக்கொண்டு கையால் ஒப்பிட்டுத் திருத்த நேர்ந்தது.

இது பழங்கதையா என்று 2000இல் ஜொனாதன் ஸ்டோனும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் அளந்து பார்த்தார்கள். இணைப்பு மட்டத்துச் சோதனைகள் 400 கோடிக்கு ஒன்று தவிர எல்லாப் பிழைகளையும் பிடிக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஆராய்ந்த பாதைகளில் 1,100 பாக்கெட்டுக்கு ஒன்று முதல் 32,000க்கு ஒன்று வரை, முனையில் நடக்கும் டிசிபி சோதனையில் தேறவில்லை. பிழைகளின் ஊற்று கம்பியில் இல்லை; கருவிகளுக்குள்ளும் மென்பொருளுக்குள்ளும் இருந்தது. 1984இல் எழுதிய வாதம் 16 ஆண்டுக்குப் பின் எண்களால் மெய்ப்பட்டது.

இந்த வாதத்தை 'நடுவில் எதுவுமே இருக்கக் கூடாது' என்று சுருக்கிச் சொல்வது அதற்குச் செய்யும் அநீதி. வைஃபை, காற்றில் தொலைந்த துண்டைத் தானே மறுபடி அனுப்புகிறது. வேகத்துக்காக நடுவில் செய்யும் அந்த உதவியை வாதம் வரவேற்கிறது. அது மறுப்பது ஒன்றைத்தான்: அந்த உதவியையே உத்தரவாதமாகக் கொள்வதை. இந்த நுட்பம் இன்று பொதுவாழ்வுக்கும் வேண்டும். மறையாக்கத்தை வலை செய்து கொடுத்தால், சாவி வலையிடம் போய்விடும்; செய்தி வலைக்குள் எங்கோ திறந்த நிலையில் கிடக்கும். ஆகவே மறையாக்கம் முனையில்தான் நடக்க வேண்டும் என்று அந்தக் கட்டுரையே விளக்கியது. 2016இல் வாட்ஸப் முனைக்கு முனை மறையாக்கத்தை முழுமையாகக் கொண்டுவந்தபோது கோடிக்கணக்கானோர் கைக்கு வந்தது அந்தக் காரணகாரியம்தான். 'நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் நடுவழிக் கதவு' ஒன்று வேண்டும் என்று அரசுகள் கேட்கும்போதெல்லாம், சாவியை யார் வைத்திருப்பது என்ற பழைய கேள்வியே புது உடையில் வருகிறது.

நினைவு எங்கே இருக்கிறதோ அங்கே உயிர்

டேவிட் கிளார்க் 1988இல் எழுதிய கட்டுரை, இணையம் ஏன் இப்படி வடிவமைக்கப்பட்டது என்பதை அதைச் செய்தவர்களின் பக்கத்திலிருந்து விளக்கியது. அதில் அவர் சொல்லும் 'விதிப் பகிர்வு' எனக்கு மிகவும் பிடித்தமான கருத்து. ஓர் உரையாடல் எதுவரை வந்திருக்கிறது என்ற நினைவை, அந்த உரையாடலில் ஈடுபட்டிருப்பவரிடமே வைக்க வேண்டும். அவர் அழிந்தால் நினைவும் அழியும். அதில் நட்டமில்லை, உரையாடலே முடிந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒருவர் அழிந்ததால் உரையாடல் அறுபடக் கூடாது. நடுவில் நினைவு வைத்தே ஆக வேண்டும் என்றால், தொலைந்தால் முனைகள் மீண்டும் சொல்லிப் புதுப்பிக்கக்கூடிய 'மென் நிலை'யாக அது இருக்கட்டும் என்றார்.

இந்த அளவுகோலை முகவரி மாற்றியின்மேல் வைத்துப் பாருங்கள். ஐபியின் நான்காம் பதிப்பில் உள்ள முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. அவை போதாமல் போகும் என்று தெரிந்தபோது, 1994 மேயில் வெளியான ஆர்எஃப்சி 1631 பல கணினிகள் சில பொது முகவரிகளைப் பகிர்ந்துகொள்ள வழிசொன்னது. குறுகிய காலத் தீர்வு என்றே அதை எழுதியவர்கள் குறிப்பிட்டார்கள். அலுவலகத் தொலைபேசியில் பொது எண் ஒன்றும் உள்ளே பல நீட்டிப்பு எண்களும் இருப்பதுபோன்ற ஏற்பாடு அது: உள்ளிருந்து வெளியே அழைப்பது எளிது, வெளியிலிருந்து உள்ளே ஒருவரை அழைப்பதற்கு நடுவில் ஒருவர் இணைத்துத் தர வேண்டும். எந்த உரையாடல் எந்தக் கணினிக்குரியது என்ற நினைவு அந்த நடுப்பெட்டியில் இருக்கிறது. பெட்டி மறுதொடக்கம் ஆனால் இருமுனைகளும் நலமாக இருந்தும் இணைப்பு சாகிறது. வீட்டிலிருந்து ஒரு சர்வரை நடத்துவது சாமானியருக்கு எட்டாமல் போனதற்கும், இருவர் நேராகப் பேச நினைத்தாலும் மூன்றாவது நிறுவனத்தின் கணினி வழியாகப் போக நேர்வதற்கும் இந்தப் பெட்டியே பெரிய காரணம். குறுகிய காலத்துக்கு என்று வந்தது முப்பது ஆண்டு கடந்தும் நிற்கிறது. பொதுக் கையிருப்பில் இருந்த முகவரிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்தன. ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசையில் நிற்பது இந்த நெருக்கடியால்தான்.

அதே கருத்து, பெருநிறுவனங்களின் வீழ்ச்சியையும் விளக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணிநேரம் உலகப் பரப்பிலிருந்து மறைந்தன. நிறுவனமே வெளியிட்ட விளக்கம் இது: பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை அதன் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையைத் துண்டித்தது. பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர்கள் கெடவில்லை. ஆனால் தரவு மையத்தை எட்ட முடியாவிட்டால் தம் வழித்தட அறிவிப்பைத் தாமே விலக்கிக்கொள்ளும்படி அவை அமைக்கப்பட்டிருந்தன. ஆகவே நலமாக இருந்த சர்வர்கள் தம்மை மறைத்துக்கொண்டன. பழுதுபார்க்கும் உள்கருவிகளும் அதே வலையைச் சார்ந்திருந்ததால் அவையும் முடங்கின. எவற்றின் விதி எவற்றோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதே இங்குக் கேள்வி. பழுதுபார்ப்பவன் விதியைப் பழுதான பொருளின் விதியோடு கட்டினால் என்ன நேரும் என்று 1988ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்த மாணவரால் முன்கூட்டியே கேட்டிருக்க முடியும்.

பெயர், முகவரி, வழி

1978இல் ஜான் ஷோச் ஒரு சிறு குறிப்பில் மூன்றைப் பிரித்துக் காட்டினார். நாம் தேடுவது எதை என்று சொல்வது பெயர். அது எங்கே இருக்கிறது என்று சொல்வது முகவரி. அங்கே போவது எப்படி என்று சொல்வது வழி. 1982இல் சால்ட்சர் இதை மேலும் கூர்மையாக்கி, சேவை, கணினி, இணைப்புப் புள்ளி, பாதை என்று நான்காக்கினார். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் ஒவ்வொரு பிணைப்பும் தனித்தனியே மாறக் கூடியதாக இருக்க வேண்டும் என்றார்.

இணையம் இந்தப் பாடத்தை முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. ஐபி முகவரி, கணினி யார் என்பதையும் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. மேசையில் நகராமல் கிடந்த கணினிகளின் காலத்தில் அது உறுத்தவில்லை. வீட்டு வைஃபையிலிருந்து தெருவுக்கு வந்ததும் கைப்பேசியின் முகவரி மாறுகிறது, டிசிபிக்கு அது வேறொரு ஆளாகத் தெரிகிறது, இணைப்பு அறுகிறது. பெரிய அளவிலும் இதே கலப்பு தீங்கு செய்தது. 2006 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய இணையக் கட்டமைப்பு வாரியத்தின் பட்டறை, உலக வழித்தட அட்டவணை வீங்கிக்கொண்டே போவதற்கு முகவரியின் இந்த இரட்டை வேடத்தை முக்கியக் காரணமாக அடையாளம் கண்டது. அடையாளத்தையும் இடத்தையும் பிரிக்கும் எச்ஐபி, லிஸ்ப் போன்ற முயற்சிகள் எழுந்தன. அவை பரவலாகவில்லை. ஆனால் குவிக், ஒவ்வொரு இணைப்புக்கும் முகவரியைச் சாராத தனி அடையாள எண் கொடுக்கிறது. வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறினாலும் உரையாடல் தொடர முடிகிறது. ஷோச் பிரித்துக் காட்டியது நாற்பது ஆண்டுக்குப் பின் வேறொரு அடுக்கில் நடைமுறைக்கு வந்தது.

யாருக்கும் சொந்தமில்லாத வலை

1982 அக்டோபரில் எரிக் ரோஸன் எழுதிய ஆர்எஃப்சி 827, இணையத்தைத் 'தன்னாட்சி அமைப்பு'களின் கூட்டாகப் பார்த்தது. ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்குள் தன் விருப்பப்படி நடக்கும்; எல்லையில், எந்த முகவரிகளைத் தன்னால் எட்ட முடியும் என்று மட்டும் அண்டையாரிடம் அறிவிக்கும். 1989இல் வந்த பிஜிபி என்ற வழித்தட நெறிமுறை இதே கருத்தின் மேல்தான் நிற்கிறது. மையக் கட்டுப்பாட்டு அறை எதுவும் இல்லாமல் பல்லாயிரம் நிறுவனங்களின் வலைகள் ஒன்றாக இயங்குவதற்கு இந்த வரையறுக்கப்பட்ட உறவே காரணம்.

இதன் பலவீனமும் பெயரிலேயே தெளிவாகத் தெரிகிறது. தன்னாட்சி உள்ளவர் பொய் சொன்னால்? 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரிகளில் ஒரு பகுதிக்குத் தானே வழி என்ற அறிவிப்பை வெளியே கசியவிட்டது. அதை மேல்நிலை நிறுவனம் ஒன்று சோதிக்காமல் உலகுக்குக் கடத்தியது. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் யூடியூபைத் தேடிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானை நோக்கி ஓடின. அதற்குப் பின் வலுப்பெற்ற ஆர்பிகேஐ முறை, இந்த முகவரிகளை அறிவிக்கும் உரிமை இந்த அமைப்புக்குத்தான் என்பதற்குக் கையொப்பமிட்ட சான்று தருகிறது. தன்னாட்சியை ஒழித்து மையத்தைக் கொண்டுவரவில்லை. அறிவிப்பவரின் பொறுப்பைச் சரிபார்க்கத்தக்கதாக ஆக்கினார்கள். கருத்து தெளிவாக இருந்ததால் ஓட்டையும் தெளிவாகத் தெரிந்தது. எங்கே தைக்க வேண்டும் என்பதும் தெரிந்தது.

திருத்தப்படும் உரிமை

பழைய கருத்துகள் எல்லாமே வேதம் என்று கொள்வதற்கில்லை. அனுப்பும்போது கண்டிப்பாக இரு, பெறும்போது தாராளமாக இரு என்ற பொருளில் போஸ்டெல் 1980இல் எழுதியது, இணையம் குழந்தையாக இருந்தபோது பல்வேறு கணினிகளை ஒன்றோடொன்று பேச வைத்தது. ஆனால் தவறான பாக்கெட்டுகளையும் ஏற்கும் தாராளம் வழக்கமாகிவிட்டால், தவறே நடைமுறைத் தரமாகிவிடுகிறது. பிறகு வருபவர் அந்தத் தவறையும் பின்பற்றியாக வேண்டும். 2023 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9413 இதை விரிவாக ஆராய்ந்து, பிழையைப் பொறுத்துக்கொள்வதைக் காட்டிலும் நெறிமுறையைத் தொடர்ந்து பராமரிப்பதே மேல் என்றது.

கிளார்க்கின் 1988ஆம் ஆண்டு இலக்குப் பட்டியலில் யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கணக்கிடும் பொறுப்புடைமை கடைசியில் இருந்தது. தாக்குதலிலிருந்து பாதுகாப்பு தனி இலக்காகவே இடம்பெறவில்லை. முனைகள் ஒன்றையொன்று நம்பிய காலத்தின் பட்டியல் அது. 2001இல் மார்ஜரி புளூமெந்தாலும் கிளார்க்கும் சேர்ந்து, முனைகள் ஒன்றையொன்று நம்பாத உலகில் முனைக்கு முனை வாதம் எவ்வாறு நிற்கும் என்று வெளிப்படையாக மறுபரிசீலனை செய்தார்கள். தாம் எழுதியதைத் தாமே உரசிப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், முதலில் எழுதியது தெளிவாக இருந்ததுதான். மங்கலான கருத்தை யாராலும் மறுக்க முடியாது; அதனால் அதைத் திருத்தவும் முடியாது.

இந்தத் தெளிவு 2019க்குப் பிறகு நடந்த ஒரு பன்னாட்டு விவாதத்தில் நேரடியாகப் பயன்பட்டது. ஹுவாவே நிறுவனமும் சீனாவின் வேறு சில அமைப்புகளும் 'புதிய ஐபி' ஒன்று வேண்டும் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் முன்மொழிந்தன. இயன்றவரை சேவை இனிப் போதாது, வலையே உத்தரவாதம் தர வேண்டும் என்பது அவற்றின் வாதங்களில் ஒன்று. 1976இல் எக்ஸ்.25க்காகத் தொலைபேசித் துறைகள் சொன்னதை அறிந்தவர்களுக்கு இது புதிய வாதம் அல்ல. இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2020இல் அளித்த மறுமொழி, இன்றைய ஐபி அந்தத் தேவைகளுக்கேற்ப வளர முடியாது என்பதற்குச் சான்று இல்லை என்றும், இணையான இன்னொரு அமைப்பு வலைகளுக்கிடையிலான ஒத்திசைவைக் குலைக்கும் என்றும் சொன்னது. பெயரில் புதுமை இருந்ததைக் கண்டு மயங்காமல், பொறுப்பை எங்கிருந்து எங்கே நகர்த்துகிறீர்கள் என்று கேட்க முடிந்தது அந்த வரலாறு கைவசம் இருந்ததால்தான்.

நம் பொறியியல் வகுப்புகளில் அடுக்குகளின் பெயர்களை வரிசை தவறாமல் ஒப்பிக்கும் மாணவர்கள் பலர் உண்டு. டிசிபியிலிருந்து ஐபி ஏன் பிரிந்தது என்று கேட்டால் தயங்குவார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல. விடையை மட்டும் கொடுத்துக் கேள்வியை மறைத்த பாடமுறையுடையது. பூஸானும் தொலைபேசித் துறைகளும் மோதியதையும், ஒரு கேட்வே நிரல்களைச் சிதைத்ததையும், குரலுக்காக ஒரு நெறிமுறை இரண்டாகப் பிளந்ததையும் சொல்லிக் கொடுத்தால் அதே மாணவர் நாளை தாம் கட்டும் கட்டணச் செயலியிலோ மருத்துவமனைத் தரவுத்தளத்திலோ மூன்று கேள்விகளைத் தாமாகவே கேட்பார். இந்த வேலை முடிந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் யார்? நடந்ததன் நினைவு யாரிடம் இருக்கிறது, அவர் வீழ்ந்தால் கூடவே வீழ்வது எது? இதில் ஒரு திருத்தம் செய்ய எத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இதற்கு வேண்டிய நூல்கள் பூட்டிய அலமாரியில் இல்லை. ஆர்எஃப்சி வரிசை முழுவதும் எவரும் காசின்றிப் படிக்கும்படி கிடக்கிறது. அதன் முக்கியமான பழைய குறிப்புகள் பல, சில பக்கங்களே நீளும். இன்றைய தொழில்நுட்பச் சந்தை ஆண்டுக்கொரு புதுச்சொல்லை நம்முன் வைக்கிறது. அந்தச் சொற்களில் பெரும்பாலானவை ஒரு பொருளை விற்கப் பிறந்தவை. இங்கே பேசிய சொற்கள் ஒரு முடிவுக்குப் பொறுப்பேற்கப் பிறந்தவை. அவற்றைக் கொண்டு ஓர் அமைப்பை அளக்கலாம், குறை சொல்லலாம், திருத்தலாம். இணையத்தை வெறுமனே நுகர்பவர்களாக இல்லாமல் அதன் அடுத்த வடிவத்தைத் தீர்மானிப்பவர்களாகவும் நாம் இருக்க வேண்டுமானால், முதலில் கற்க வேண்டிய மொழி அதுதான்.